மகனுக்கு ஒரு ரயில்

யேசுதாசனின் மகனுக்கு மறுபடியும் சக்கரம் வேண்டியிருந்தது.

“போன வாரந்தானே நாலு ஜோடி வாங்கிட்டுப் போனீங்க?” என்றாள் எல்ஸி. ஈப்போவில் ஒரு பொம்மைக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று, ஒன்றோடொன்று மாட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைச் சில்லறையாகக் கொடுப்பவள் அவள்தான்.

“பையன் ரயிலுக்கு இன்னொரு பெட்டி சேர்த்திருக்கான். நீளமான பெட்டி. வளைவுல போனா குடை சாஞ்சிடுதுங்க.”

“சக்கரத்தப் பெட்டிக்கு அடியில நேரா மாட்டியிருப்பான். முன்னால ஒன்னு, பின்னால ஒன்னு, சுத்துற தட்டுல மாட்டச் சொல்லுங்க. வளைவுக்குத் தக்கன தட்டு திரும்பிக்கும். எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் மாட்டுவாரு.”

பேசிக்கொண்டே, இறுக்கி ஒட்டியிருந்த இரண்டு தட்டுகளைக் கட்டைவிரல் நகத்தால் டக்கென்று பிரித்தாள். நகத்தின் நுனி பிளந்து தேய்ந்திருந்தது. கடையில் நாள் முழுக்க இதே வேலை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தான் யேசுதாசன்.

உண்மையில் அவனுக்கு மகன் கிடையாது. மனைவியும் கிடையாது. சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ஜெலாப்பாங் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவன். வயது இருபத்தொன்பது. வாடகை அறையில் கட்டிலைச் சுற்றித் தண்டவாளம் போட்டு, பேட்டரி இஞ்சினை ஓடவிட்டு, தானே வாயால் ஊதலும் ஊதுகிறவன்.

முதல் நாள் எல்ஸி, “யாருக்குங்க இது?” என்று கேட்டபோது வெட்கத்தில் “மகனுக்கு” என்று உளறிவிட்டான். அதன்பிறகு அந்த மகன் கிடுகிடுவென்று வளர்ந்தான். பெயர் வந்தது, ஆறு வயது வந்தது, இரண்டு பல்கூட விழுந்தது.

அதற்குள் யேசுதாசனுக்கு அவள்மேல் ஆசை வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தலைக்கு எண்ணெய் தடவிப் போன அன்றுதான், “எங்க வீட்டுக்காரரு” என்று அவள் முதல் தடவை சொன்னாள். ஏற்றத்தில் இஞ்சின் திணறினால் உள்ளே தூண்டில் ஈயம் வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவர் அவர். யேசுதாசன் அந்த முகம் தெரியாத மனிதனை மனத்துக்குள் திட்டினான். திட்டிவிட்டு அறைக்குப் போய் ஈயமும் வைத்தான். இஞ்சின் சும்மா பறந்தது. அவன் எரிச்சல் இன்னும் கூடிற்று.

அடுத்த சனிக்கிழமை எல்ஸி ஒரு பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ரயில்வே கேட். சின்னக் கைப்பிடியைச் சுற்றினால் குறுக்குக் கட்டை ஏறி இறங்கியது.

“எங்க வீட்டுல செஞ்சது. உங்க மகனுக்குக் குடுங்க. காசெல்லாம் வேணாம்லா. ஒரு நாளைக்கு அவனக் கூட்டிட்டு வாங்க, பாக்கணும்.”

யேசுதாசன் கேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தான். இல்லாத பிள்ளைக்காக யாரோ ஒரு மனிதர் ராவெல்லாம் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

“எல்ஸி, எனக்கு மகனே இல்ல.”

“என்னாது?”

“வெளையாடுறது நான்தான். வெக்கமா இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன்.”

“அப்ப அவனோட அம்மா?”

“அதுவும் இல்லங்க. இனிமேத்தான்.”

எல்ஸி வெடுக்கென்று திரும்பி அலமாரியைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, ஆத்திரப்படுகிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. கடைசியில் திரும்பாமலே சொன்னாள்:

“நாளைக்குப் பூசை முடிஞ்சு சிலிபின்ல இருக்கிற எங்க வீட்டுக்கு வாங்க. இஞ்சினையும் கொண்டாங்க. இத எங்க வீட்டுலயும் நீங்களே நேர்ல சொல்லுங்க.”

புருஷன் நாலு அறை விடுவான் என்றுதான் யேசுதாசன் நினைத்தான். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று போனான்.

கதவைத் திறந்தவர் எல்ஸியின் அப்பா லூர்துசாமி. பெரிய மீசை. கூடம் முழுக்கத் தண்டவாளம்; நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்து, அலமாரிக்கு அடியில் மறைந்து, மறுபக்கம் வந்தது. ஏழு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு டீசல் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யேசுதாசன் கொண்டு போன இஞ்சினை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“உக்காருங்க. என்னா வேல?”

“மெஷின் ஃபிட்டருங்க.”

“குடி?”

“இல்லங்க அங்கிள்.”

“அம்மா அப்பா சுங்காய்லதானா? கூடப் பொறந்தவங்க?”

போலீசில் ஒப்படைக்கத்தான் விலாசம் கேட்கிறார் என்று அவனுக்கு வியர்த்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

எல்ஸி காப்பியுடன் வந்தாள். கடைசிப் பெட்டி தடம் புரண்டது. காப்பித் தட்டை ஒரு கையில் பிடித்தபடியே குந்தி, மறு கையால் சக்கரத் தட்டைக் கழற்றி, திருப்பி மாட்டி, பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டு எழுந்தாள். அதைக் கட்டிய கைக்குத்தான் அந்த வேகம் வரும். யேசுதாசன் வாய் பிளந்து பார்த்தான்.

ஆனாலும் வந்த காரியத்தை முடிக்க வேண்டுமே. கேட்டான்: “உங்க மருமகன் வெளிய போயிருக்காருங்களா, அங்கிள்?”

லூர்துசாமி மகளைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அவர் மீசையைத் தடவிவிட்டுச் சொன்னார்:

“இல்ல தம்பி, இப்பத்தான் உள்ள வந்து உக்காந்திருக்காரு.”