ஓரத் துண்டுகள்

தனக்கு மட்டும் தனியாகச் சின்னதாக ஒரு பீட்சா சொல்லிவிடும்படி அவளேதான் சொன்னாள். மெனு அட்டையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

ஜமுனா உடனே சரி என்றாள். மெர்லின் தலை நிமிரவே இல்லை. போனில் மகனுக்கு என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சரி கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது.

எதுக்குடி தனியா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன குறைந்தா போய்விடும்?

ஜமுனா பசி தாங்க மாட்டாள். ஆர்டர் போனால் போதும், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவாள். இது தெரிந்ததுதான். தெரிந்தும் உறுத்தியது.

சாய்பாபா காலனியில் ஒரு வீட்டின் கார் ஷெட்டைத் தடுத்துக் கட்டிய இத்தாலியன் கடை. சுவரில் சாய்ந்த கோபுரத்தின் படம். படமும் சாய்ந்தே தொங்கும். வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருப்பார்கள்.

மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்து டீச்சர்கள். பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்த சனிக்கிழமை இங்கே வந்துவிட வேண்டும். பெரிய பீட்சா ஒன்று, நடுவில். மூன்று கை.

அவளுக்கு அந்த ஓரம் மட்டும் ஆகாது. வறட்டு ரொட்டி. கடித்துக்கொண்டே வந்து ஓரத்தை மட்டும் தட்டில் போட்டுவிடுவாள். மெர்லின் அதை எடுத்து, சிந்திக் கிடக்கும் சாஸைத் துடைத்து வாயில் போட்டுக்கொள்வாள். எச்சில் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை.

அதெல்லாம் இருமலுக்கு முன்னால்.

மழைக்காலத்தில் தொடங்கிய இருமல். டி.பி. என்றார்கள். நீண்ட விடுப்பு, விடியலில் மாத்திரை. வீட்டில் தன் டம்ளரின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

போன வாரம் டாக்டர் முழுசாகக் குணமாகிவிட்டது என்றார். டம்ளர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். இது தட்டிலும் டம்ளரிலும் ஒட்டுகிற நோயே இல்லையாம், முதலிலிருந்தே.

சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தாள். பொட்டைச் சுரண்டப் போனாள். கை வரவில்லை.

இரண்டு தட்டுகள் வந்தன. நடுவில் பெரியது. அவள் முன்னால் சின்னது.

மெர்லின் புது ஹெட்மாஸ்டர் கதையை ஆரம்பித்தாள். மனுஷன் காலை பிரேயரில் மைக்கைப் பிடித்தால் மணி அடித்தாலும் விடுவதில்லையாம். ஜமுனாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதெல்லாம் கை தானாக வாயை மூடியது. ஆஸ்பத்திரியில் பழகிய கை.

எத்தனை மாதமாக இந்தச் சாயங்காலத்துக்காகக் காத்திருந்தாள்! வந்து உட்கார்ந்தும் வராதவள் மாதிரி இருந்தது.

தட்டில் ஓரத் துண்டுகள் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் அவள் பல் பட்ட தடம்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது.

மெர்லின் எடுக்காவிட்டால்? பார்த்தும் பாராதது போல இருந்துவிட்டால்?

அதைவிட, ஒரு நொடி யோசித்துவிட்டு எடுத்தால்?

எடுக்காவிட்டாலும் தாங்காது. பாவம் பார்த்து எடுத்தாலும் தாங்காது. இந்த வயதில் இதற்குப் போய் இப்படிப் பயப்படுகிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

ஒரு துண்டை எடுத்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

மென்றாள். தண்ணீர் குடித்து விழுங்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது. தாடை வலித்தது. யாருக்கும் சங்கடம் இல்லை. இதுதான் நல்லது.

மெர்லின் கதையின் உச்சத்தில் இருந்தாள். ஹெட்மாஸ்டர் பேசப் பேச, மழை தூறத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் வரிசையில் நனைகிறார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒழுக்கம் பற்றிப் பேசுகிறார். மெர்லினின் பார்வை முழுக்க ஜமுனா மேல்.

கை மட்டும் மேசையைத் தாண்டி வந்தது.

கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டியைத் தேடுவது போல அவள் தட்டில் துழாவியது. ஒன்று அகப்பட்டது. மிச்சமிருந்த ஒன்றே ஒன்று. பாதி கடித்தது.

அதைச் சாஸில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு, மெர்லின் கதையைத் தொடர்ந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

கை மறுபடி வந்தது. தட்டில் இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தது. விரலில் பீங்கான்தான் பட்டது.

கதை நின்றது. மெர்லின் திரும்பினாள். தட்டைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். நிஜமான கோபம்.

“மிச்சமெல்லாம் எங்கடி?”

அவள் வாய் நிறைய ரொட்டி.

கண் கலங்கிக்கொண்டு வந்தது. அப்படியே சிரித்துவிட்டாள்.

வாயை மூடக் கை எழவில்லை.