ஆறாம் கட்டம்

பானை பொங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார் அவர்.

இது அந்த அம்மாளின் குலசாமி இல்லை.

தனலட்சுமி அம்மாள் அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். எழுபத்தோரு வயது. டர்பனில் பிறந்து வளர்ந்தவர். கண்ணில் புகை, முகமெல்லாம் சிரிப்பு. கொள்ளுத்தாத்தாவின் சாமிக்குத் தன் கையால் பொங்கலிட இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

அம்மாளைக் கடிதம் எழுதி வரவழைத்தது அவர்தான்.

நான்கு வருடம். நாற்பத்தோரு கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, நகல் எடுத்து, வந்த தேதியும் அனுப்பிய தேதியும் குறித்து வைத்திருந்தார். தபாலாபீசில் முப்பது வருடம் இருந்த கை.

அம்மாளின் கொள்ளுத்தாத்தா, 1889-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன இருளப்பன். தகப்பன் பெயர் மாடன். ஊர், இதே ஊர். கப்பல் பட்டியலில் எல்லாம் இருந்தது.

அந்தக் காலத்தில் ஊரில் மாடன் மகன் இருளப்பன் இரண்டு பேர். ஒருவன் மேலத்தெரு. இன்னொருவன் கீழத்தெரு.

எவன் என்று தீர்த்து வைத்தது பட்டியலின் ஆறாம் கட்டம். சாதி. அதில் மேலத்தெருச் சாதி எழுதியிருந்தது.

அவருக்கு அது போதுமாக இருந்தது. அவரும் மேலத்தெருதான்.

நான்கு வருடத்தில் ஒருநாள்கூடக் கீழத்தெருப் பக்கம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பழைய பத்திரம் கைக்கு வந்தது. 1891. மேலத்தெரு இருளப்பன் அதில் சாட்சியாகக் கைநாட்டு வைத்திருந்தான். அவன் எங்கேயும் போகவில்லை.

கீழத்தெருவிலிருந்து போனவன் பெயரை உள்ளபடி சொல்லியிருக்கிறான். தகப்பன் பெயரை, ஊரை உள்ளபடி சொல்லியிருக்கிறான். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கிறான். கடலுக்கு அந்தப் பக்கமாவது அது தன்னை விட்டுத் தொலையட்டும் என்று.

உண்மையைச் சொல்லி நாற்பத்திரண்டாம் கடிதத்தை எழுதி உறையில் போட்டபோது, அம்மாள் விமானம் ஏறியிருந்தார்.

"ஏல பூவலிங்கம், அடிச்சுக் கெளப்புல! கப்பல்காரவுக வந்திருக்காக, தூங்குத மாரி அடிக்க?"

சங்கரபாண்டி கத்தினான். மேலத்தெருவில் சின்ன வயசுக்காரன். எல்லாரும் சிரித்தார்கள்.

மேலத்தெருக் கோயிலின் எல்லைக்கல்லுக்கு வெளியே நின்று பூவலிங்கம் மேளத்தை இறுக்கினார். அறுபது தாண்டியவர். கீழத்தெரு. இருளப்பனின் தம்பி வழியில் மிச்சம் இருக்கும் ஒரே ஆள்.

பத்திரம் கிடைத்த மறுநாள், புதன்கிழமை, அவர் போய்க் கேட்டபோது பூவலிங்கம் வாசலிலேயே எழுந்து நின்றுகொண்டார்.

"ஆமய்யா. எங்க பூட்டனுக்கு அண்ணன் ஒருத்தரு கப்பல்ல போனாராம். இருளப்பன்னு பேரு. இப்பம் என்னத்துக்குய்யா கேக்கிய?"

சும்மாதான் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பானை பொங்கியது.

குலவை எழுந்தது. மேலத்தெருப் பெண்கள் அம்மாளைக் கட்டிக்கொண்டார்கள். அம்மாள் ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் பார்த்து அழுதார். பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் நம்ம ஜனம், இல்லையா அண்ணா?"

அவர் தலையாட்டினார்.

படம் எடுக்கச் சொல்லி யாரோ கைப்பேசியை அவரிடம் கொடுத்தார்கள். அம்மாளை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

அவர் ஓரடி பின்னால் போனார்.

இன்னும் ஓரடி.

திரையின் ஓரத்தில் மேளம் தெரிந்தது. பிறகு ஒரு தோள். பிறகு பூவலிங்கத்தின் முகம்.

"அப்படியே இருங்க," என்றார். "யாரும் அசையாதீங்க."

பூவலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். படத்துக்குள் தான் விழுவது தெரிந்ததும், மேளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் ஒதுங்கி நின்றார்.