குவித்த கை

பதினோரு வருஷமாகக் கோமளாவின் நெஞ்சுச் சளியை இளக்கி வெளியே கொண்டுவந்தது அவள் கணவர் சந்தானத்தின் குவித்த கைதான். தினமும் காலையில் முதுகில் தட்டுவார். இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்வதும் அப்போதுதான். போன மாதம் ஆஸ்பத்திரியில், மார்பில் வைத்தால் வண்டு போல் ரீங்கரிக்கும் கருவி ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். ஆறு வாரம் கையால் தட்டக்கூடாது. வரும் சளியை எப்போதும் போலக் கோடு போட்ட குவளையில் அளந்து, அவர்கள் கொடுத்த தாளில் எழுதவேண்டும்.

முதல் வாரமே சளி, அவர் கைக்கு என்றும் எட்டாத கோட்டைத் தாண்டியது.

"இனிமே நான் எதுக்கு? உனக்குத்தான் புது ஆள் வந்தாச்சே," என்று சிரித்தார். மறுநாளிலிருந்து அந்த நேரத்தில் செய்தித்தாளோடு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார்.

இன்று கருவி ஓய்ந்ததும், கோமளா குவளையில் இருந்ததில் பாதியைக் கை கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இவ்வளவுதான் வந்துச்சு."

"அப்பவே நினைச்சேன். அதுக்கு உன் முதுகைப் பத்தி என்ன தெரியும்?"

அந்தக் குரலின் சந்தோஷம் தாங்காமல் அவர் தட்ட வாகாக அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கை கழுவப் போனவர் தொட்டியில் ஒட்டியிருந்த சளியைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு ஆஸ்பத்திரித் தாளில் அவர் அன்றைய அளவை எழுதும் சத்தம் கேட்டது.

அவர் கை அவள் முதுகில் வந்து அமர்ந்தது. தட்டவில்லை.