வடிகால் இல்லாத தெரு

"உங்க தெருவுல வடிகாலே கிடையாதுங்களே" என்றார் குமாஸ்தா, கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பி.

"வடிகால் இல்லாமத்தான் எங்க அக்கா அதுக்குள்ள விழுந்தாளா?" மச்சினன் மேஜையைத் தட்டினான். தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்களே சார்."

அக்காவின் கணவர் மேஜையருகே வந்தார். வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது அவர் தொழில். மேஜையில் கிடந்த பென்சிலையும் ரப்பரையும் ஒரு வெள்ளைத் தாளையும் இழுத்து, நின்றபடியே தன் தெருவை வரைய ஆரம்பித்தார். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்றைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

நடந்தது அரை மணி நேரத்துக்கு முன்னால். காலையிலிருந்து விடாத மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். வாசலில் நின்ற ஸ்கூட்டரை உள்ளே தள்ளப் போன அவர் மனைவியின் காலடியில் சிமென்ட் சிலாப் உடைந்தது. கண் மூடித் திறப்பதற்குள் ஆளைக் காணவில்லை. தீயணைப்பு வண்டி உடனே வந்துவிட்டது. வந்து என்ன செய்ய? பூமிக்குள் குழாய் எப்படிப் போகிறது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. வரைபடம் கேட்டுத்தான் இருவரும் நகராட்சி அலுவலகத்துக்கு ஓடி வந்திருந்தார்கள்.

மச்சினனின் போன் அடித்தது. தீயணைப்புக்காரர். ஸ்பீக்கரில் போட்டான்.

"தெருமுனைல குழாய் இடது பக்கம் ஏரிக்குப் போகுதா, வலது பக்கம் ஆத்துக்குப் போகுதா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நாங்க நாலே பேர், ஒரு பக்கம்தான் உடைக்க முடியும். உள்ள மேலாக்கக் கொஞ்சம் காத்து இருக்கும், உயிர் இருக்க வாய்ப்பிருக்கு. சீக்கிரம்."

குமாஸ்தா நல்ல மனிதர், அவசரமாகத் தேடினார். திரையில் ஏரிப் பக்கமும் நீலக்கோடு இருந்தது, ஆற்றுப் பக்கமும் இருந்தது. இவர்கள் தெரு மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"பழைய வரைபடம் இருக்குமே சார்?"

"புதுசை ஏத்தினதும் பழசைக் கழிச்சுட்டாங்க தம்பி. இருங்க, இங்க ஒரு மனு இருக்கு." மளமளவென்று வாசித்தார். "வடிகால் இல்லாத தெருவுக்கு மழைநீர்க் கட்டணம் கிடையாது, விலக்கு உண்டு. நாலு வருஷம் முன்னாடி உங்க தெரு சங்கம் எழுதிக் கொடுத்திருக்கு, எங்க தெருவுல வடிகாலே இல்லைன்னு. கூட ஒரு வரைபடம். எவ்வளவு சுத்தமாப் போட்டிருக்கான் பாருங்க. இதைப் பார்த்தா, நேர்ல போய்ப் பார்க்கணும்னு யாருக்குத் தோணும்? இதையே கம்ப்யூட்டர்ல ஏத்தி, விலக்கும் கொடுத்துட்டாங்க. இல்லாத வடிகாலை யார் தூர் வாருவாங்க, யார் சிலாப் மாத்துவாங்க?"

"அந்தக் கட்டணம் அவ்வளவு பெரிசா சார்?"

"வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பு விலை."

மச்சினனுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் இந்த அக்காதான். "அந்தப் படத்தைப் போட்டவன் பேர் இருக்கா?"

"பேர் இல்ல. சங்கத்து முத்திரைதான் இருக்கு."

"இருக்கட்டும். என் கையில கிடைக்காமலா போயிடுவான்."

போனில் மறுபடி குரல் வந்தது. "இடதா, வலதா? தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு சார்."

மச்சினன் அப்போதுதான் அக்காவின் கணவர் பக்கம் திரும்பினான். தாளில் தெரு அப்படியே வந்திருந்தது. இரண்டு வரிசை வீடுகள், மின்கம்பங்கள், உடைந்த சிலாப். அங்கிருந்து கோணல் இல்லாமல் ஒரு கோடு தெருமுனை வரை போனது. அதற்குமேல் இடது பக்கம் வரைந்து அழித்திருந்தார், வலது பக்கம் வரைந்து அழித்திருந்தார். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

"என்ன மாமா இது?"

அவர் தலை நிமிரவில்லை.

"சங்கத்துப் படத்துல அந்தக் கோட்டை அழிச்சது நான்தான் மச்சான். அது எந்தப் பக்கம் திரும்புச்சுன்னுதான் ஞாபகம் வரல."