நீலக் கட்டம் போட்ட துண்டு

வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டிய நாட்களில் விமானங்கள் பறப்பதில்லை. பகலெல்லாம் வரிசையாக நிற்கும். உள்ளே எதுவும் வெந்துபோகாமலிருக்க, அவற்றின் வயிற்றில் தடித்த மஞ்சள் குழாயை மாட்டித் தரையிலிருந்து குளிர்காற்று ஊதுவார்கள். காலியாக நிற்கும் விமானத்துக்குக் குளிர், பெற்ற பிள்ளைக்கு அனலா? குழாய் மாட்டுகிறவர்கள் தங்கள் குழந்தைகளைத் திருட்டுத்தனமாக உள்ளே படுக்கவைத்து, கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். குழாயில் துணி கட்டியிருந்தால் உள்ளே குழந்தை இருக்கிறது என்று அர்த்தம். யாரும் அதைக் கழற்றமாட்டார்கள்.

ஜெனிட்டாவும் மகள் ரோஷ்னியை ஏழாம் விமானத்தில் விட்டு, தன் துண்டைக் கட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மூன்றாம் விமானத்தின் குழாயைக் கழற்றப் போனபோது இரும்பு வளையம் கையைச் சுட்டது.

"இந்தாங்கக்கா, இதச் சுத்திக்கிட்டுத் திருகுங்க." அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த முத்துராசு ஒரு துணியை நீட்டினான்.

வளையம் சட்டென்று கழன்றது. கையிலிருந்து துணியைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நீலக் கட்டம் போட்ட துண்டு.

"இது உனக்கு ஏதுப்பா?"

"ஏழாம் நம்பர்ல சும்மா கட்டிக் கெடந்துச்சுக்கா. அப்பவே குழாயக் கழட்டுறப்ப அவுத்துட்டேன்."

ஜெனிட்டா திரும்பிப் பார்த்தாள். ஏழாம் விமானத்தடியில் மஞ்சள் குழாய் காற்றிறங்கிச் சப்பையாகத் தரையில் கிடந்தது. மேலே ஒரே ஒரு ஜன்னலின் மூடி மட்டும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பாதியில் நின்றது.