செந்நா வேந்தரின் மௌனம்

கட்சியின் மேடைப் பேச்சாளர் செந்நா வேந்தர் மதிவாணனின் தொண்டையில் முடிச்சு விழுந்திருப்பதாக டாக்டர் சொன்னார். "ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசாதீங்க." கட்சி வருந்தி அறிக்கை விட்டது. மேடையில் வாங்கிக் குவித்த பொன்னாடைகளில் ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டினார். மனைவி பொற்கொடி சாப்பாட்டு மேசையில் ஏதோ சொல்லத் தொடங்கி, அவர் குறுக்கே பேசுவதற்காக வழக்கம்போல நிறுத்தினாள். அவர் பேசவில்லை. சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தபோது அவளுக்கு வியர்த்துவிட்டது. பிறகு தினமும் கொஞ்சம் பேசினாள். நான்காவது வாரம் ஒரு மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே, "நான் ராத்திரியில தூங்கறதே இல்லீங்க. வாசக்கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிப்பேன், எங்கேயாச்சும் போயிடலாமான்னு. ஏன் தெரியுங்களா..." என்றாள். தாய்க்குலத்தின் கண்ணீரைப் பற்றி மாநிலமெங்கும் முழங்கியவருக்கு இது புதுச் செய்தி. பதறிப்போய், "ஏன் பொற்கொடி?" என்றார். மெதுவாகத்தான் கேட்க நினைத்தார். ஆனால் தொண்டை குணமாகியிருந்தது. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போகும் அதே குரல்தான் வந்தது. அவள் கீரைத் தட்டோடு எழுந்தாள். "குரல் வந்துடுச்சுங்களா? ரொம்பச் சந்தோஷம். கட்சி ஆபீசுக்கு போன் போட்டுச் சொல்லிடறேன்." வேண்டாம் என்று அவர் வேகமாகத் தலையாட்டினார். பொன்னாடையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு டம்ளரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.