பதினான்காம் எலி

ஆய்வுக்கூட எலிகளின் மனநிலை கூண்டுத் திரையில் சொல்லாகவே தெரியும். சோர்ந்து கிடந்த எலிகள் அமுக்கிரா மூலிகைச் சாறு குடித்துத் தேறிவந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் தண்ணீர் தரப்பட்ட பதினான்காம் எலியும் ‘மகிழ்ச்சி’ என்று காட்டியது ஏனென்று டாக்டர் ரஹ்மத்நிஷாவுக்குப் பிடிபடவில்லை.

“செண்பகம், இதுக்கும் மருந்து குடுத்துட்டீங்களா?”

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் செண்பகம் பதறினாள். “சத்தியமா இல்லம்மா! மத்ததுக்கெல்லாம் மருந்து, இதுக்கு மட்டும் பச்சத்தண்ணியான்னு மனசு கேக்கல. கையில எடுத்து வச்சு நாலு வார்த்த பேசிட்டுத்தான் குடுப்பேன்.”

சோதனை பாழ். அன்றே செண்பகத்தைக் கிடங்குக்கு மாற்றினார் டாக்டர்.

மறுநாள் எலியின் திரையில் ‘தேடுகிறது’ என்றிருந்தது. மனசு உறுத்த, டாக்டர் கிடங்குக்குப் போனார். ஊழியர்களின் கழுத்து அட்டையிலும் அதே மாதிரித் திரை உண்டு. செண்பகம் தன்னுடையதை அவசரமாக முந்தானையால் மூடிக்கொண்டு கேட்டாள்:

“அது தண்ணி குடிச்சுதாம்மா?”